ஆறாவது குழி

"அப்பா, ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது."

"அப்படின்னா கோபப்படுற விஷயம்தான். சொல்லு."

"பக்கத்துல நாய் டாக்டர் இருக்காரே..."

"இருக்காரு. காலையில கூட வந்தாரே, கண்ணாடி ரெண்டா உடைஞ்சுபோச்சுன்னு. இந்த மாசத்துல மூணாவது தடவை. அந்த மனுஷன் கண்ணாடி போடுறதே நாய்ங்க கடிச்சு விளையாடத்தான்."

"அவர்கிட்ட நானே பேசிடலாம்னு இருக்கேன்."

"எதைப் பத்தி?"

"எதைப் பத்தின்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

அப்பாவின் கையிலிருந்த திருகாணி கீழே விழுந்தது. கடுகை விடச் சின்ன திருகாணி. வழக்கமாக அது ஒன்று தவறினால் போதும், காந்தத்தை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு, மூக்குக்கண்ணாடிக் கடையின் தரை முழுவதையும் சலித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அன்றைக்கு அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"வேண்டாம்மா."

"ஏன்? நாய் டாக்டர்னா மட்டமா?"

"அதில்லை. அவங்க தாத்தாவை..." அப்பா எழுந்து போய் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார். "அவங்க தாத்தாவை நம்ம வீட்டுத் தாத்தா சுட்டுட்டாரு."

இது நடந்து நான்கு வருஷமாகிவிட்டது. ஆனாலும் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தப் பேச்சு ஒரு வார்த்தை பிசகாமல் ஞாபகத்துக்கு வரும்.

அப்பா அன்றைக்குச் சொன்ன கதை இதுதான். தாத்தாவும் டாக்டரின் தாத்தாவும் காட்டு இலாகாவில் சர்வேயர்கள். ஒரே கூடாரம், ஒரே சமையல், ஒன்றாகச் சுற்றுவது என்று உடலும் நிழலுமாக இருந்தவர்கள். அப்பாவுக்கு எட்டு வயதாக இருந்தபோது இருவரும் எல்லை அளக்கக் காட்டுக்குள் போனார்கள். மூன்று வாரம் கழித்துத் தாத்தா மட்டும் வீட்டுக்கு வந்தார். சட்டையெல்லாம் கிழிந்து, கண் இரண்டும் உள்ளே போய், வந்தவர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. நண்பன் இறந்துவிட்டான் என்பதற்கு மேல் ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அந்தப் பெயரை இனி வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். சாகும்வரை யாரும் எடுக்கவும் இல்லை.

தாத்தா போன பிறகு அப்பா அவருடைய ரிவால்வர் பெட்டியைத் திறந்தார். பச்சை வெல்வெட் வைத்துத் தைத்த மரப்பெட்டி. துப்பாக்கிக்கு ஒரு பள்ளம். அதன் பக்கத்தில் வரிசையாக ஆறு குழிகள். ஐந்தில் தோட்டாக்கள் இருந்தன. ஆறாவது குழி காலி.

"ரெண்டு பேர் போனாங்க, ஒருத்தர் வந்தாரு. ஆறு இருந்துச்சு, அஞ்சு இருக்கு. இதுக்கு மேல என்னத்தைச் சொல்ல?" என்றார் அப்பா. அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. "அந்தப் பையன் நம்ம கடையில வந்து உட்கார்ந்து சிரிச்சுப் பேசும்போதெல்லாம் எனக்குக் குலை நடுங்குது. இதுல நீ வேற..."

அவள் அன்றைக்கு மென்று முழுங்கியதுதான். அதற்குப் பிறகு டாக்டர் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வருவார், அவள் சரி செய்து கொடுப்பாள், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரிப்பார்கள், அவர் கிளம்பிப் போன பிறகு அவள் கண்ணாடித் துணியை வைத்துக்கொண்டு துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயதாகியிருந்தது. அவருக்கு நாற்பத்து மூன்று. அவருக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் நடந்து, ஒத்துவராமல், சண்டையில்லாமல் முடிந்திருந்தது. "ரெண்டு பேருமே நல்லவங்க. அதான் பிரச்சினை. யாரு மேல பழி போடுறதுன்னு தெரியலை" என்று அதைப் பற்றி அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

அப்பா போன வருஷம் இறந்தார். கடை அவளுக்கு வந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்தது. ரிவால்வரும் வந்தது.

லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்த அன்று அம்மா கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி அது?"

"துப்பாக்கியை என் பேருக்கு மாத்தணுமாம். இல்லைன்னா ஒப்படைக்கணுமாம். எதுவா இருந்தாலும் இந்தப் படிவத்தை நிரப்பணும்."

"அந்தச் சனியனை ஒப்படைச்சுட்டு வா. உங்கப்பா வருஷா வருஷம் அதுக்கு எண்ணெய் போடுறேன்னு சுவரைப் பார்த்து உட்கார்ந்துக்குவாரு. துப்பாக்கியைத் துடைக்கிறாரா, எங்கிட்டயிருந்து முகத்தை மறைக்கிறாரான்னு எனக்குக் கடைசி வரை தெரியலை."

அது உண்மைதான். லைசென்ஸ் புதுப்பிக்கிற தேதிக்கு முதல் நாள் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, தையல் மெஷின் எண்ணெயில் துணியை நனைத்து, துப்பாக்கியின் வெளிப்புறத்தை மட்டும் துடைப்பார். குழந்தையின் கண்ணில் விழுந்த தூசியைத் துடைக்கிற மாதிரி, அழுத்தாமல், தொட்டும் தொடாமலும். எதையும் திறக்க மாட்டார், எதையும் சுழற்ற மாட்டார். முப்பது வருஷமாக அதே முறைதான். அம்மாவுக்குக் காரணம் தெரியாது. மகளுக்குத் தெரியும்.

படிவத்தில் ஒன்பதாவது கேள்வியில் அவள் பேனா நின்றது. 'இந்த ஆயுதம் எப்போதாவது எவர் மீதாவது பயன்படுத்தப்பட்டதா? ஆம் எனில் விவரம்.'

"இல்லைன்னு எழுதிட்டுப் போயேன்" என்றாள் அம்மா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அப்படி எழுத அவளுக்குக் கை வரவில்லை. ஆம் என்று எழுதவும் வரவில்லை. ஒரு காலிக் குழியைத் தவிர யார் என்ன கண்டார்கள்? அப்பாவின் பயம் அப்பாவோடு. தெரிந்துகொள்ளாமல் இன்னும் முப்பது வருஷம் சுவரைப் பார்த்து உட்கார அவளால் முடியாது. தாத்தா சுட்டிருந்தால் சுட்டது, அதைத் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். சுடவில்லை என்றால்? அந்த 'இல்லை என்றால்' என்பதை நினைத்ததுமே அவள் படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

லைசென்ஸ் அலுவலகத்தின் பழைய பதிவேடுகள் அறையில் ஒரே ஒரு குமாஸ்தா அம்மாள் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அலமாரிகளுக்கு நடுவில் சின்ன மேஜை, மேஜையில் ஃப்ளாஸ்க், காலடியில் கழற்றிவிட்ட செருப்பு.

"எந்த வருஷத்துப் பதிவு?"

அவள் சொன்னாள்.

"அம்மாடி! அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சே. எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. ரெண்டு மாசம் ஆகும்."

அவர் விண்ணப்பத்தைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தார். அவளால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தொழில் புத்தி.

"மேடம், கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருக்கு. இப்படியே போட்டீங்கன்னா சாயங்காலமானா தலை வலிக்குமே?"

"அய்யோ, எப்படிக் கண்டுபிடிச்சீங்க? மண்டையைப் பிளக்குது! பவர் கூடிடுச்சுன்னு நினைச்சேன்."

"பவர் இல்லை. ஒரு திருகாணி லூஸ், மூக்குத் தாங்கி வளைஞ்சிருக்கு. கொடுங்க."

கைப்பையில் சின்ன ஸ்க்ரூடிரைவர் எப்போதும் இருக்கும். மூன்று நிமிஷ வேலை. குமாஸ்தா அம்மாள் கண்ணாடியைப் போட்டு, விண்ணப்பத்தைப் பார்த்தார், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"உட்காருங்க. ரெண்டு மாசமெல்லாம் சும்மா சொல்றது" என்று ஏணியை இழுத்துப் போட்டார்.

பதிவேடு வந்தது. ஓரமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. தாத்தாவின் பெயர், ரிவால்வரின் எண், பிறகு 'வாங்கிய தோட்டாக்கள்' என்ற கட்டம். ஒரே ஒரு வரி. ஐந்து.

"அஞ்சுதானா? ஆறு இல்லையா?"

"அஞ்சும்மா. இப்பத்தான் எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதே" என்று சிரித்தார் குமாஸ்தா அம்மாள். "ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் எழுதியே ஆகணும். இவர் ஒரே தடவைதான் வாங்கியிருக்காரு. அதுக்கப்புறம் ஒண்ணுகூட வாங்கலை."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அதையே உருட்டிக்கொண்டு வந்தாள். ஐந்து வாங்கினார், ஐந்து இருக்கிறது. சரி. ஆனால் ஆறு குழிக்கு எவனாவது ஐந்து வாங்குவானா? துப்பாக்கியிலேயே ஒன்று முதலில் இருந்திருந்தால்? அதுதான் காட்டில் வெடித்திருந்தால்?

மறுநாள் பெட்டியோடு துப்பாக்கிக் கடைக்குப் போனாள். கடைக்காரரை ஊரே கர்னல் என்றுதான் கூப்பிடும். ராணுவத்துக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. மீசைக்காகக் கொடுத்த பட்டம். கடையில் இரும்பும் எண்ணெயும் கலந்த வாசனை. சுவரில் சங்கிலி போட்டுப் பூட்டிய துப்பாக்கிகள். கர்னல் ஒரு பழைய டூத்பிரஷால் ஏதோ ஒரு ஸ்பிரிங்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இதைப் பத்தி எல்லாம் தெரியணும்" என்று அவள் பெட்டியை மேஜை மேல் வைத்தாள்.

"எல்லாம்னா?"

"இது... எப்பவாவது சுட்டிருக்கான்னு."

கர்னல் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வேறெதுவும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து, துப்பாக்கியை எடுத்து, ஒரு விரலால் தடவினார்.

"யாரு இதுக்கு எண்ணெய் போட்டது?"

"எங்கப்பா. முப்பது வருஷமா."

"வெளியே மாப்பிள்ளை மாதிரி இருக்கு. உள்ளே துரு. தோட்டா போடுற உருளை அசைய மாட்டேங்குதே. உங்கப்பா இதைத் திறந்ததே இல்லையா?"

"பயம்."

"துப்பாக்கிக்குப் பயந்தா சரி. உருளைக்கு என்னத்துக்குப் பயம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு சொட்டு ஏதோ விட்டு, மரச் சுத்தியலால் டொக் டொக் என்று தட்டி, காத்திருந்து, மறுபடி தட்டினார். அரைமணி நேரம் போனது. அவள் பெஞ்சில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சுட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டால் எழுந்து எப்படி வீட்டுக்குப் போவது என்றுகூட யோசித்துவைத்தாள். ஆட்டோ பிடிக்க வேண்டும்.

'க்ளிக்' என்றது. கர்னல் உருளையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இங்கே வாம்மா. எத்தனை ஓட்டை இருக்கு?"

"ஆறு."

"எண்ணிட்டுச் சொல்லு."

அவள் எண்ணினாள். நம்பாமல் கைப்பையிலிருந்து தன்னுடைய லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு எண்ணினாள். கர்னல் சிரித்துவிட்டார். "லென்ஸ் வெச்சுப் பார்த்தா ஒண்ணு கூடுமா?"

"அஞ்சு" என்றாள்.

"அஞ்சுதான். இது அஞ்சு தோட்டா ரிவால்வர். ஆறாவது போட இடமே கிடையாது."

"அப்ப பெட்டியில ஆறு குழி இருக்கே!"

கர்னல் ஒரு தோட்டாவை எடுத்து ஆறாவது குழியில் போட்டார். அது உள்ளே போய், ஒரு பக்கமாகச் சாய்ந்து, கடகடவென்று ஆடியது. மற்ற ஐந்து குழிகளிலும் தோட்டா கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"இது எண்ணெய்ப் புட்டி வைக்கிற இடம்மா. சின்னதா ஒரு புட்டி வரும். உடைஞ்சிருக்கும், இல்லைன்னா காலியானதும் தூக்கிப் போட்டிருப்பாங்க." அலமாரியைக் குடைந்து அதே மாதிரி இன்னொரு பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். அதிலும் ஆறு குழிகள். ஆறாவதில், விரல் உயரத்துக்கு, மூடி திருகிய ஒரு கண்ணாடிப் புட்டி சாதுவாக உட்கார்ந்திருந்தது.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மில்லிமீட்டரில் பாதியைக் கண்ணால் பார்த்தே சொல்கிற குடும்பம். அப்பாவுக்கு ஒரு ஃப்ரேம் தலைமுடி அளவு கோணியிருந்தால்கூடப் பொறுக்காது. ஐந்து குழி ஒரு அளவு, ஆறாவது வேறு அளவு என்பதை முப்பது வருஷமாக அப்பாவும் பார்க்கவில்லை, நான்கு வருஷமாக அவளும் பார்க்கவில்லை. பயந்தவர்கள் எண்ணுவார்களே தவிர, அளந்து பார்ப்பதில்லை.

"இன்னொண்ணும் பாரு" என்று கர்னல் குழலை அவள் பக்கம் திருப்பினார். "உள்ளே மெழுகு மாதிரி அடைச்சிருக்கே, அது தொழிற்சாலையில தடவி அனுப்புற கிரீஸ். ஒரே ஒரு தடவை சுட்டிருந்தாலும் இது இருக்காது. இந்தத் துப்பாக்கி பிறந்ததுல இருந்து வாயைத் திறக்கலை."

"காட்டுக்குள்ளேயே இருந்தவரு. ஒரு தடவை கூடவா சுட்டிருக்க மாட்டாரு?"

"பயந்தாங்கொள்ளியா இருந்திருப்பாரு. நல்ல மனுஷங்கள்ல பாதிப் பேர் அப்படித்தான்" என்றார் கர்னல். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, டூத்பிரஷைக் கீழே வைத்தார். "தண்ணி குடிக்கிறியாம்மா?"

துப்பாக்கியைக் கர்னலின் பாதுகாப்பிலேயே விட்டு ரசீது வாங்கிக்கொண்டாள். மேஜையிலேயே படிவத்தை விரித்து, ஒன்பதாவது கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினாள். எழுதிவிட்டு அதை மறுபடி படித்தாள். மூன்றே எழுத்துதான், ஆனாலும் மலையைத் தூக்கி இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஆட்டோ பிடிக்கவில்லை. வெயிலில் நடந்தே வந்தாள். அப்பாவை நினைக்க நினைக்கப் பாவமாக இருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்த அந்த முதுகைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, "திரும்புங்கப்பா, ஒண்ணும் இல்லை" என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

தன் கடையை அவள் திறக்கவில்லை. நேரே பக்கத்துக் கதவைத் தள்ளினாள்.

டாக்டர் ஒரு பூனையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மேஜை மேல் மாத்திரை, மாத்திரைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் சாம்பல் நிறப் பூனை.

"கடவுள் மாதிரி வந்தீங்க. பிடிச்சுக்குங்க. கழுத்துப் பக்கம். விட்டுடாதீங்க, நாலாவது மாத்திரை இது. மூணை என் மேலேயே துப்பிடுச்சு."

அவள் பூனையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர், ஒரு கதை சொல்லணும். நடுவுல பேசாதீங்க. பேசினா நான் ஓடிப்போயிடுவேன்."

"நீங்க ஓடினா பூனையும் ஓடிடும். சொல்லுங்க."

சொன்னாள். அப்பா சொன்னது, ஆறு குழி, ஐந்து தோட்டா, பதிவேடு, கர்னல், எண்ணெய்ப் புட்டி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். பூனை ஒரு தடவை பிறாண்டியதுகூடத் தெரியவில்லை. டாக்டர் மாத்திரையைக் கையில் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார். அவர் புருவம் மேலே போனது, இன்னும் மேலே போனது, பிறகு அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எங்க தாத்தாவையா? உங்க தாத்தாவா? சுட்டாரா?"

"சுடலை. அதைத்தானே இவ்வளவு நேரம் சொல்றேன்."

"அய்யோ, எங்க தாத்தாவுக்குக் குடல்வால் வெடிச்சிருச்சுங்க! காட்டுக்குள்ள, டாக்டர் இல்லை, வண்டி இல்லை. உங்க தாத்தாதான் ரெண்டு பகல் ஒரு ராத்திரி முதுகுல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. வந்து சேர்ந்து மறுநாள் எங்க தாத்தா போயிட்டாரு. எங்க வீட்டுல ஆஸ்பத்திரிச் சீட்டே இருக்கு. எங்கப்பா சோறு ஊட்டும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்லுவாரு. 'ரத்த சம்பந்தம் இல்லாத மனுஷன் தூக்கிட்டு வந்தாருடா'ன்னு."

"தூக்கிட்டு வந்தாரா?"

"பின்னே? இன்னும் ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா பிழைச்சிருப்பார்னு ஆஸ்பத்திரியில யாரோ வாய் தவறிச் சொல்லிட்டாங்களாம். அதுல இருந்து உங்க தாத்தா எங்க வீட்டுப் பக்கமே வரலை. வெட்கமாம். எங்க ஆளுங்க எத்தனை தடவை கூப்பிட்டும் வரலையாம்."

கிழிந்த சட்டை, உள்ளே போன கண்கள், எடுக்கக் கூடாத பெயர். எல்லாம் அப்படியேதான் இருந்தன. அர்த்தம் மட்டும் தலைகீழாகப் புரண்டு உட்கார்ந்திருந்தது.

"இதை ஏன் நீங்க ஒரு தடவைகூடச் சொல்லலை?"

"சொல்லாம என்ன! நான் இங்க கிளினிக் போட்ட புதுசுல உங்கப்பாகிட்ட 'நம்ம தாத்தாங்க ரெண்டு பேரும்'னு ஆரம்பிச்சேன். அவருக்கு முகம் வெளுத்து, 'கடை மூடுற நேரமாச்சு'ன்னு ஷட்டரை இறக்கிட்டாரு. மதியம் பன்னெண்டு மணிக்கு! ஏதோ புண்ணைக் கிளறிட்டோம்போலன்னு விட்டுட்டேன். உங்ககிட்டயும் ரெண்டு தடவை வாயெடுத்தேன். நீங்க உடனே 'பவர் செக் பண்ணலாமா'ன்னுடுவீங்க. எனக்குப் பவர் ஏறாமலே பதினாலு தடவை செக் பண்ணியிருக்கீங்க."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கக் கை இல்லை, கையில் பூனை. முப்பது வருஷமாக அப்பா தூக்கிய பாரமும் நான்கு வருஷமாக அவள் தூக்கிய பாரமும் எங்கே போயின என்றே தெரியவில்லை. தோள் இரண்டும் லேசாகிவிட்டன.

"பாவம் உங்கப்பா" என்றார் டாக்டர், சிரிப்பு அடங்கியதும். "ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம்."

"கேட்கத்தான் எங்க வீட்டுல யாருக்கும் வராது."

"உங்களுக்குமா?"

அவள் பூனையை மெல்ல மேஜை மேல் விட்டாள். அது மாத்திரை சாப்பிடாமலே அலமாரிக்கு அடியில் ஓடியது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. அவள் புடவையில் ஒட்டிய பூனை முடியைத் தட்டிவிட்டாள், அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"டாக்டர், என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"